இன்றைக்கு உங்கள் கோப்பையில் என்ன, அது உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது?

லயத்துப்பேத்தி, கோவை

காலை 6 மணிக்குப் போட்டது: குன்னூர் ஆர்த்தடாக்ஸ் இலை 2.5 கிராம், தண்ணீர் 200 மில்லி, 3 நிமிடம். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. வடிகட்டியதும் வெளிர் ஆரஞ்சு நிறம். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் பூவாசம் மாதிரி ஒன்று வருகிறது. ஜனவரிக் கொழுந்தாம். குளிரில் மெதுவாக வளர்வதால் வாசம் ஏறும் என்று கடைக்காரர் சொன்னார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாட்டி இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட குடும்பம். 1971இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்து, அப்புறம் கூடலூர் வந்தார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம். இப்போது டான்டீ என்கிறோம். அங்கேயும் பாட்டி கொழுந்துதான் பறித்தார். அம்மாவும் அதே வேலைதான். நான் படித்து வங்கி வேலைக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் எப்போதும் டஸ்ட்தான், மிகப் பொடியான தேயிலைத் தூள். கொதிக்கக் கொதிக்க வைத்து, பால் இருந்தால் பால், இல்லாத நாளில் கட்டஞ்சாயா. இலைத் தேநீர் என்று ஒன்றை நான் முதன்முதலில் குடித்தது 29 வயதில், ஊட்டியில் ஒரு சிநேகிதி கல்யாணத்துக்குப் போனபோது. ஒரு வாய் குடித்ததும் அழுகை வந்துவிட்டது. பாட்டி வாழ்நாள் முழுக்கக் கூடையில் சுமந்தது இதைத்தானா, ஒரு தடவையாவது குடித்துப் பார்த்தாரா என்றுதான் தோன்றியது. கேட்டேன். "அதெல்லாம் பெட்டியில போயிரும் தாயி" என்றார்.

நீங்களும் எழுதுங்கள். கோப்பையில் இன்று என்ன, தேயிலை உங்கள் வீட்டுக்கு எந்த வழியாக வந்தது?

பாய்லர்சத்தம், மதுரை

இன்றைக்கு இதுவரை நான்கு ஆகிவிட்டது. எல்லாம் டஸ்ட், எல்லாம் பால் டீ. படித்து மனசு கனத்துப்போனது தங்கச்சி. ஆனாலும் டஸ்டை ஒதுக்கிவிடாதீர்கள்.

அப்பா 22 வருடம் டீக்கடை நடத்தினார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு கிளாஸ் கழுவுகிற வேலை. பத்தாவது முடித்ததும் டீ போடுகிற பட்டறையில் நிற்க விட்டார். பாய்லர் தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆவி தள்ளும்போதுதான் துணிப்பையில் தூள் போடுவார். தண்ணீர் ஊற்றி ஒரு தடவை வடிப்பார், இறங்கிய டிகாஷனைத் திரும்பவும் தூள் மேலேயே ஊற்றுவார். அதோடு நிறுத்திக்கொள்வார். மூன்றாவது தடவை ஊற்றினாலும் நிறம் வரும், ஆனால் நாக்கை இழுக்கும். பழைய தூள் மேலேயே புதுத் தூளைப் போட்டு ஓட்டும் கடைகளும் உண்டு. அப்பா ஒருநாளும் அதைச் செய்ததில்லை. பையைத் தினமும் ராத்திரி வெந்நீரில் மட்டும் அலசுவார், சோப்பு தொடக் கூடாது. ஆற்றுவதும் காட்சிக்காக இல்லை. சூடு வாய்க்குத் தாங்குகிற அளவுக்கு இறங்க வேண்டும், சர்க்கரை கரைய வேண்டும், நுரை எழும்ப வேண்டும்.

பாலில் உள்ள புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். அதனால் பாலை எதிர்த்து நிற்கிற தூள்தான் கடைக்குத் தேவை. உங்கள் ஜனவரி இலையில் பாலை ஊற்றினால் அந்தப் பூவாசம் அங்கேயே செத்துவிடும். அது வேறு பொருள், இது வேறு பொருள்.

ஏழுகிராம், சென்னை

பூஅர் என்கிற சீனத் தேயிலை. சீனாவின் யுன்னான் மாகாணத்து மெங்ஹாய் ஆலையின் 7542, ஆவியில் இளக்கி அழுத்திய 357 கிராம் வட்டு. 75 என்பது கலவையை வகுத்த ஆண்டு 1975, 4 என்பது இலையின் தரம், 2 என்பது ஆலையின் எண். 100 மில்லி மூடிக் கிண்ணத்தில் 7 கிராம் இலை, கொதிநீர், முதல் ஊற்றல் 10 நொடிதான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டினால் ஒரே இலை பத்துத் தடவைக்கு மேல் தாங்கும். காலையில் ஊற வைத்ததை மதியம் வரைக்கும் குடிக்கிறேன், கணினி முன்னால் உட்கார்ந்தபடியே.

எங்கள் வீடு காப்பி வீடு. தேநீரை யாரும் மதித்ததில்லை. வேலை விஷயமாக ஷென்சென் போனபோது ஒரு கிழவர் தன் கடையில் உட்கார வைத்து, காசு வாங்காமல் ஒன்றரை மணி நேரம் ஊற்றிக்கொண்டே இருந்தார். மொழி தெரியாது. கிண்ணத்தின் மூடியை எடுத்து என் மூக்குக்குக் கிட்டே நீட்டுவார், நான் தலையாட்டுவேன், அவர் சிரிப்பார். அவ்வளவுதான் பேச்சு. அதிலிருந்து ஆறு வருடமாக இதே பைத்தியம்.

ஒரு சந்தேகம். டஸ்ட் என்பது ஆலையில் கூட்டிப் பெருக்கியதுதானே? அதை நல்ல தேயிலை என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு விஷயம், சென்னைக்காரர்களுக்கு. வேளச்சேரி போர்வெல் தண்ணீரில் டீ போட்டால் மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி ஒன்று மிதக்கும், கோப்பை ஓரமெல்லாம் கறை பிடிக்கும். இலை கெட்டுவிட்டது என்று இரண்டு பொட்டலத்தைக் குப்பையில் போட்டேன். பார்த்தால் தப்பு தண்ணீர் மேல். நீரில் உள்ள சுண்ணாம்பும் தேயிலைச் சத்தும் காற்றுப் பட்டுச் சேர்ந்து கட்டுகிற ஏடுதான் அது. இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் காணாமல் போகும். ஆனால் சுத்தமான ஆர்ஓ தண்ணீரில் போட்டால் டீ சப்பென்று இருக்கிறது. கொஞ்சம் கலந்து, டிடிஎஸ் 100க்குக் கீழே வைத்துக்கொள்கிறேன். எனக்கு அது சரியாக வருகிறது.

பசுந்தேயிலை, கோத்தகிரி

நான் ஒன்றரை ஏக்கர் சிறு விவசாயி. டஸ்ட் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதை நிறையப் பேர் தப்பாக நினைக்கிறார்கள்.

டஸ்ட் என்பது சல்லடை அளவு. உலர்ந்த தேயிலையை அடுக்கடுக்கான சல்லடையில் விடுவார்கள். பெரிய துண்டு ஒரு தட்டில், அடுத்தது அடுத்த தட்டில், மிகச் சிறியது கடைசியில். அந்தக் கடைசிதான் டஸ்ட். சூப்பர் ரெட் டஸ்ட் என்று தனியாகத் தரமே உண்டு, ஏலத்தில் நல்ல விலைக்கும் போகும். பெருக்கியதைக் கழிவுத் தேயிலை என்பார்கள். உரத்துக்கோ கஃபீன் எடுக்கவோ போக வேண்டியது அது. அதை உணவில் சேர்ப்பது குற்றம். தூள் சிறிதாக இருந்தால் தண்ணீர் படும் பரப்பு அதிகம், ஒரு நிமிடத்தில் நிறம் இறங்கும். அதனால்தான் கடைக்காரர் அதைக் கேட்கிறார்.

எங்கள் மலையில் பெரும்பாலும் சிடிசிதான். 1930களில் அஸ்ஸாமில் வந்த முறை. பல் வைத்த இரண்டு உருளைகள் வேறு வேறு வேகத்தில் சுற்றும், நடுவில் விழும் இலை நசுங்கி, கிழிந்து, குருணையாகச் சுருண்டு வெளியே வரும். ஆர்த்தடாக்ஸ் என்றால் மேசை போன்ற எந்திரத்தில் இலையை உருட்டி முறுக்குவது. நேரமும் கவனமும் ரொம்பப் பிடிக்கும்.

என் கோப்பையில் இன்று நானே கையால் உருட்டியது. அப்பா காலத்தில் எங்கள் நிலத்தில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும்தான். அதை எடுத்துவிட்டுத் தேயிலை வைத்தார்கள். இன்று கொழுந்தை ஆலைக்குக் கொடுத்தால் வருகிற விலை, பறிகூலிக்கும் உரத்துக்கும் போக மிஞ்சுவதில்லை. பல மாதம் பறிக்காமலே விட்டிருக்கிறேன். செடி உயரமாகப் போய்விடும், அப்புறம் கவாத்து செய்து மறுபடி இறக்க வேண்டும். அந்தக் கோபத்தில்தான் வாரம் அரை கிலோ கொழுந்தை வீட்டிலேயே உருட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். மூன்று வருடம் ஆகிறது. என் இலையின் ருசி என்ன என்று எனக்கே தெரிந்தது அப்போதுதான்.

அட்டன்காரன், டொராண்டோ

வணக்கம். லயத்துப்பேத்தி, உங்கள் பாட்டி பிறந்த பக்கம்தான் நானும். மூன்று முறை வாசித்தேன்.

இன்றைக்கு இலங்கைத் திம்புள்ளைத் தேயிலை, பிஓபி என்கிற உடைந்த இலைத் தரம். தேத்தண்ணி, கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டது, சீனி தனியாகக் கையில். வெளியே மைனஸ் 11.

லயம் என்றால் இங்கே பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். வரிசையாக ஒட்டிக் கட்டிய பத்து, பன்னிரண்டு காம்பரா, ஒரு குடும்பத்துக்கு ஒன்று. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்க ஆட்கள் கூடுவதற்கு, தப்பு அடிக்கும் சத்தம் அம்மாவின் காலத்தில் இருந்தது, என் காலத்தில் கூப்பிடுவதோடு சரி. கொழுந்தை மடுவம் என்கிற கொட்டகையில் நிறுப்பார்கள். ஈரத்துக்கு, கூடைக்கு, முற்றிய இலைக்கு என்று கிலோவைக் கழித்துவிட்டு எழுதுவார்கள். அம்மா பேர் போடுவதற்காக, அதாவது முழுநாள் கூலிக்கான கிலோவை எட்டுவதற்காக, கடைசி அரைமணி நேரம் ஓடி ஓடிப் பறிப்பார். நான் அம்மாவின் கொழுந்துச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சாக்குக்குள்ளே கையை விட்டால் சூடாக இருக்கும். பறித்த இலை தானாகவே சுடும் என்பது எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும்.

மாதம் ஒரு பொட்டலம் தூள் தோட்டத்திலிருந்து கிடைக்கும். எங்கள் கண் எதிரே ஸ்டோரில் (தேயிலை ஆலையை அப்படித்தான் சொல்வோம்) காய்ந்து பெட்டிக்குப் போனது அது இல்லை. ஆனால் அந்த ஸ்டோர் வாசம் முழுக்க எங்களுக்குச் சொந்தம். ராத்திரி காற்று திரும்பினால் லயம் முழுக்க வேகவைத்த ஆப்பிள் மாதிரி ஒரு வாசம் வரும். ஆப்பிளை நான் சாப்பிட்டது அதற்கெல்லாம் பிறகுதான். கனடாவில் அடுப்பில் வைத்த ஆப்பிளை முகர்ந்ததும் லயம் நினைவுக்கு வந்தது.

சரித்திரம் ஒன்று. கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது 1867. அதற்கு முன்பே கோப்பிக்காக எங்கள் ஆட்களைத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிப் போய்விட்டார்கள். 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் விழுந்து, இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து எல்லாம் தேயிலையானது. கோப்பிக்குப் போன சனம் தேயிலையில் நின்றுவிட்டது.

ஒன்று கவனித்திருக்கிறேன். ஊரில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும், உயரம் அப்படி. இங்கே 100. அதே தேயிலையை அதே நேரம் ஊற வைத்தாலும் இங்கே கொஞ்சம் கடுமையாக இறங்குகிறது. அரை நிமிடம் குறைத்தால் வீட்டு ருசி வருகிறது.

தேஓகோசோங், பினாங்கு

தே ஓ கோசோங். பால் இல்லை, சீனி இல்லை. பெயரே அதுதான்.

தாத்தா ராமநாதபுரத்திலிருந்து வந்தவர், மாமாக் கடையில், அதாவது இங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில், தே தாரிக் போட்டார். இரண்டு கோப்பைக்கு நடுவே ஒரு கை நீளம் இழுத்து ஊற்றுவது, கெட்டிப்பால் ஊற்றிய டீ. மதுரைக்காரர் எழுதிய ஆற்றுவதும் இதுவும் ஒரே குடும்பம்தான் என்று படித்ததும் தோன்றியது.

பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி ஹொக்கியன் பேசுவார், தேநீருக்கு அவர் சொல்வது "தே". நம் தேயிலையில் இருக்கும் தேயும் அந்த ஹொக்கியன் தேதான், கடல்வழியாக வந்த சொல். சாய், சாயா எல்லாம் "சா" என்ற மற்ற உச்சரிப்பிலிருந்து வந்தவை. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பாட்டி கூப்பிட்டுக் கொடுத்த கோப்பையில்தான் தெரிந்துகொண்டேன்.

லயத்துப்பேத்தி, கோவை

அண்ணா, சாக்குக்குள் சூடாக இருக்கும் என்று எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஆமா, அமுக்கி வெச்சா வெந்துபோயிரும், கங்காணி திட்டுவாரு" என்றார். இருபது வருடமாக அம்மா இதையெல்லாம் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை என்பதுதான் சரி.

கோத்தகிரி ஐயாவிடம் ஒரு கேள்வி. சித்தப்பா வீட்டு வேலி ஓரம் பத்துச் செடி நிற்கிறது. வீட்டிலேயே உருட்டுவது எப்படி என்று கொஞ்சம் விவரமாக எழுதுவீர்களா? பாட்டிக்கு 81 வயது. அவர் பறித்த கொழுந்தை அவரே குடிக்க வேண்டும் என்று ஆசை.

பசுந்தேயிலை, கோத்தகிரி

கட்டாயம் எழுதுகிறேன் அம்மா. ஒரு மழை இல்லாத நாள் பாருங்கள்.

இரண்டு இலையும் மொட்டும் மட்டும். விரலால் ஒடிக்க வேண்டும், நகத்தால் கிள்ளக் கூடாது. பாட்டிக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. முறத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, வெயில் படாமல், காற்று வருகிற இடத்தில் ராத்திரி முழுக்க விடுங்கள். 14 மணி நேரம் ஆகும், குளிர்ந்த ஊரானால் 18கூட ஆகலாம். நிறுத்துப் பார்த்தால் 100 கிராம் சுமார் 65க்கு வந்திருக்க வேண்டும். தராசு இல்லையென்றால் காம்பை வளையுங்கள்: ஒடியாமல் நூல் மாதிரி வளைய வேண்டும். பட்டென்று ஒடிந்தால் வாட்டல் பத்தவில்லை. எல்லாத் தப்பும் இங்கேதான் நடக்கிறது. அவசரப்படுகிறார்கள்.

அப்புறம் உருட்டல். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே, அல்லது சொரசொரப்பான பாயின் மேல், ஒரே திசையில். முதல் பத்து நிமிடம் அழுத்தமே வேண்டாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். சாறு கையில் ஒட்டும், உள்ளங்கை பச்சையாகி, அப்புறம் பழுப்பாகும். அந்தக் கறை மூன்று நாள் போகாது. அரைமணி நேரம் உருட்டினால் இலை முறுக்கிக்கொண்டு நிற்கும்.

அதைத் தட்டில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, ஈரத்துணி மேலே படாமல் தூக்கலாக மூடுங்கள். இரண்டு மணி நேரம், அல்லது மூக்கு சொல்கிற வரைக்கும். முதலில் அறுத்த புல் வாசம் இருக்கும். மெல்ல மெல்லப் பழவாசமாக மாறும், நிறம் செம்புக்கு வரும். அந்த உச்சியைத் தாண்டினால் புளித்துப்போகும். உச்சியில் உடனே உலர்த்த வேண்டும். ஓவன் அடுப்பு இருந்தால் 100 பாகையில் அரைமணி. இல்லையென்றால் கனமான வாணலி, மிக மெல்லிய தீ, கை எடுக்காமல் கிளற வேண்டும். ஒரு துண்டை எடுத்து ஒடித்தால் நொறுங்க வேண்டும்.

100 கிராம் கொழுந்துக்கு 22 கிராம் தேயிலை வரும். ஐந்து பேர் தாராளமாகக் குடிக்கலாம். போட்டது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: குடித்த மிச்சத்தை ஆற விடுங்கள். நல்ல தேநீர் ஆறினால் தெளிவு போய்ப் பால் தெளித்த மாதிரி கலங்கும். கஃபீனும் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து படிவது அது. தேயிலை ருசி பார்ப்பவர்கள் அதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள்.

செவிலியக்கா, திருச்சி

குறுக்கே ஒரு வார்த்தை. எனக்கு மாலையில் ஒன்று, ஏலக்காய் போட்ட பால் டீ. இத்தனை பேர் நாளைக்கு நாலு, அஞ்சு என்று எழுதுவதால் சொல்கிறேன்: சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்ள டீ தடையாக இருக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும். ரத்தச் சோகையோடு எங்களிடம் வருகிற கர்ப்பிணிப் பெண்களிடம் தினமும் சொல்கிற விஷயம் இது. இட்லிக்குப் பக்கத்திலேயே டீ டம்ளர் இருக்கும்.

பனங்கட்டிக்கடி, யாழ்ப்பாணம்

எங்கட வீட்டில தேத்தண்ணிக்குச் சீனி போடுறதில்லை. பனங்கட்டியை ஒரு கடி கடிச்சு, அது வாயில் கரையக் கரைய வெறும் தேத்தண்ணியை உறிஞ்ச வேணும். இண்டைக்கும் அப்பிடித்தான். லயத்துப்பேத்தி அக்கா, நீங்கள் உருட்டினாப் பிறகு இப்பிடி ஒருக்காக் குடிச்சுப் பாருங்கோ.

ஏழுகிராம், சென்னை

டஸ்ட் பற்றிச் சொன்னதற்கு நன்றி ஐயா. ஆறு வருடமாகத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அம்மாவிடம்கூட. இன்று மாலை தெருமுனைக் கடையில் ஒரு ஸ்ட்ராங் டீ குடித்தேன். கொதிக்கும் பாலைத் தாண்டி தேயிலை வந்து நின்றது. மதுரை அண்ணன் சொன்னது புரிந்தது.

ஐயா கையால் உருட்டியதை விற்கிறீர்களா? விற்றால் முதல் கால் கிலோ எனக்கு.

லயத்துப்பேத்தி, கோவை

சனிக்கிழமை கூடலூர் போய் ஞாயிறு ராத்திரி திரும்பினேன். உள்ளங்கை இன்னும் பழுப்பாகவே இருக்கிறது, வங்கியில் எல்லோரும் மருதாணியா என்று கேட்கிறார்கள்.

பாட்டிக்கு நடக்க முடியவில்லை, நாற்காலியை வேலி ஓரம் போட்டு உட்கார வைத்தோம். என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லக்கூட இல்லை. கைக்கு எட்டிய செடியில் தானாகவே பறிக்க ஆரம்பித்துவிட்டார். பேச்சு எங்களோடு, கை செடியோடு. கண் பார்க்கவே இல்லை, முற்றிய இலை ஒன்றுகூட வரவில்லை. நானும் அம்மாவும் பறித்ததில் பாதியைப் பாட்டி மடியில் கொட்டிப் பொறுக்கிப் போட்டார். மொத்தம் 140 கிராம் தேறியது.

ராத்திரி முறத்தில் வாட்டினோம். பாட்டி இரண்டு தடவை எழுந்து வந்து கிளறிவிட்டார். காலையில் உருட்டும்போது அந்தப் புல் வாசம் வந்ததும் "ஸ்டோரு வாசம்" என்றார். அண்ணா, நீங்கள் எழுதிய அதே வார்த்தை. வாணலியில் உலர்த்தியது என் தப்பு, தீ கொஞ்சம் கூடிவிட்டது, ஓரத்தில் லேசாகத் தீய்ந்த வாசம் ஏறியது.

மூன்று கோப்பை போட்டேன். பாட்டி சீனி கேட்டார், யாழ்ப்பாணத்துப் பனங்கட்டிதான் நம் ஊர்க் கருப்பட்டி, அதைக் கொடுத்தேன். கடித்துக்கொண்டே குடித்தார். முழுக் கோப்பையும் முடித்துவிட்டு, அடியில் கிடந்த இலையை விரலால் எடுத்து விரித்துப் பார்த்தார். இரண்டு இலையும் மொட்டும் முழுசாக இருந்தது. "நம்ம பறிச்சது" என்றார், அம்மாவிடம் காட்டி. வேறு ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கோப்பை கேட்டார்.

அட்டன்காரன், டொராண்டோ

வேலைக்குப் போகிற ரயிலில் வாசித்தேன், இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டேன். பாட்டியிடம் கேளுங்கள் தங்கச்சி, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று. பெயர் சொன்னால் எனக்குத் தெரிந்திருக்கலாம்.

பசுந்தேயிலை, கோத்தகிரி

மிக்க சந்தோஷம் அம்மா. தீய்ந்த வாசம் நாலு நாள் டப்பாவில் மூடி வைத்தால் கொஞ்சம் அடங்கும். ஆறிய பிறகு கலங்கியதா?

சென்னைத் தம்பிக்கு: விற்கிற அளவுக்கு இன்னும் கை பழகவில்லை. 50 கிராம் அனுப்புகிறேன், காசு வேண்டாம். குடித்துப் பார்த்துக் குறை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

லயத்துப்பேத்தி, கோவை

டிவிஷன் பெயரைச் சொன்னார் அண்ணா, உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

ஐயா, கலங்கவில்லை. தெளிவாகவே இருந்தது. காம்பு ஒன்றிரண்டு ஒடிந்தது, வாட்டல் பத்தவில்லை என்று பாட்டி அப்போதே சொன்னார், நான்தான் அவசரப்பட்டேன். பத்து நாளில் அடுத்த கொழுந்து வந்துவிடுமாம். மறுபடி போகிறோம்.